பீப்பாய்களை எண்ணும் உலகமும் மனிதரை எண்ணும் தேவனும்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 21, யோனா 4



வளைகுடா நாடுகளில் யுத்தச் செய்தி எழும்பும்போதெல்லாம், ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும் என்னிடம் இரண்டு விதமான வார்த்தைகள் வந்து சேருகின்றன. "ஐயா, பெட்ரோல் விலை இன்னும் ஏறுமோ?" என்பது ஒன்று. "ஐயா, என் மகன் அங்கேதான் இருக்கிறான், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பது மற்றொன்று. முதலாவது கேள்வியைக் கேட்பவரை நான் குறைகூறவில்லை. இருசக்கர வாகனத்தில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அதுவும் பிழைப்பைப் பற்றிய கேள்வியே. ஆனாலும் ஒரே செய்தியைக் கேட்ட இருவரில் ஒருவருக்கு எண்ணெயும் மற்றவருக்கு ஒரு முகமும் நினைவுக்கு வருகிறது என்பது என்னை நெடுநாளாய்ச் சிந்திக்க வைத்திருக்கிறது. நான் அந்த இரண்டாவது வார்த்தை ஒலித்த வீட்டில் வளர்ந்தவன். இந்த வாரம் அதைக் குறித்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று என் உள்ளம் ஏவப்பட்டது.

1990-ஆம் ஆண்டில் எனக்கு 11 வயது. என் தகப்பனார் குவைத் நகரில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரில் எங்கள் வீட்டின் சுவர்கள் லிண்டல் மட்டம் வரை எழும்பியிருந்தன. அடுத்த விடுமுறைக்கு அப்பா வரும்போது கூரைக்குக் கான்கிரீட் போட வேண்டும் என்பது எங்கள் திட்டம். ஆகஸ்ட் 2-ஆம் தேதி அதிகாலையில் ஈராக்கின் படைகள் எல்லையைக் கடந்தன. இரண்டு நாட்களுக்குள் அந்தச் சிறிய நாடு முழுவதும் அவர்கள் வசமாயிற்று. குவைத்தின் அமீர் சவூதி அரேபியாவுக்குத் தப்பிச் சென்றார். ஏழு வாரங்கள் அப்பாவிடமிருந்து கடிதமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அம்மா மாலைதோறும் என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போவார்கள். உபதேசியார் எங்களோடு முழங்காலில் நிற்பார். எங்கள் ஜெபத்தில் அந்நாட்களில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

குவைத்தில் அகப்பட்டிருந்த இந்தியர் ஏறத்தாழ 1,70,000 பேர். அவர்கள் பஸ்ரா, பாக்தாத் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து ஜோர்தானுக்கு வந்தார்கள். அம்மான் நகரிலிருந்து பம்பாய்க்கு ஏர் இந்தியா விமானங்கள் 59 நாட்களில் 488 முறை பறந்து அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. அவ்வாறு வந்தவர்களில் ஒருவராய், செப்டம்பர் கடைசி வாரத்தில், ஒரே ஒரு பையோடு அப்பா எங்கள் ஊர் நிலையத்தில் இரயிலைவிட்டு இறங்கினார். முகம் கறுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அவர் ஆறு ஆண்டுகள் சேர்த்த பணம் குவைத்தின் வங்கியில் இருந்தது. ஆக்கிரமித்தவர்கள் குவைத் தினாரைச் செல்லாததாக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சுவர் அதே லிண்டல் மட்டத்தில், மழையிலும் வெயிலிலும் இன்னும் எட்டு ஆண்டுகள் நின்றது.

அப்பா உயிரோடு வந்ததற்காக நான் கர்த்தரை ஸ்தோத்திரித்தேன். அதே வாயினால் ஈராக்கியரைச் சபிக்கவும் செய்தேன். பிள்ளை மனதில் வேரூன்றிய அந்த வெறுப்பைத்தான் உங்கள் முன் இன்று அறிக்கையிடுகிறேன்.

பிரியமானவர்களே, அந்த யுத்தம் எதனால் உண்டாயிற்று என்பதை வளர்ந்த பிறகு வாசித்து அறிந்தபோது, நாபோத்தின் திராட்சத்தோட்டம்தான் என் கண்முன் நின்றது. ஆகாப் ராஜாவுக்கு அரமனை இருந்தது, சேனை இருந்தது, தேசம் இருந்தது. ஆனாலும் அரமனையின் அருகிலிருந்த ஒரு குடியானவனின் தோட்டத்தைக் கீரைக்கொல்லையாக்க அவன் ஆசைப்பட்டான். முற்பிதாக்களின் சுதந்தரத்தை விற்கமாட்டேன் என்று நாபோத் சொன்னபோது, ராஜா கட்டிலில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உணவு கொள்ளாதிருந்தான். அந்த அதிகாரத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆகாப் தோட்டத்தைப் பார்த்தான். அதில் வேலைசெய்துகொண்டிருந்த மனிதனை அவன் ஒரு தடையாக மட்டுமே கண்டான்.

1980 முதல் 1988 வரை ஈரானோடு எட்டு ஆண்டுகள் யுத்தம் செய்த ஈராக், இலட்சக்கணக்கான உயிர்களை இழந்து, பெருங்கடனில் மூழ்கியிருந்தது. அந்த யுத்தத்துக்கு ஆயுதம் விற்ற வல்லரசுகள் பல. கடன் கொடுத்த அயல்நாடுகளில் குவைத்தும் ஒன்று. குவைத் அளவுக்கு மிஞ்சி எண்ணெய் எடுப்பதால் விலை சரிகிறது என்றும், இரு நாட்டு எல்லையின்மேல் பரந்துகிடக்கும் ருமைலா எண்ணெய் வயலிலிருந்து தங்கள் எண்ணெயை அது திருடுகிறது என்றும் சதாம் உசேன் குற்றஞ்சாட்டினார். பிறகு படைகளை அனுப்பினார். யேசபேல் ராஜாவின் பேரால் நிருபங்கள் எழுதி, முத்திரையிட்டு, உபவாசம் கூறி, பொய்ச்சாட்சிகளை நிறுத்தினாள் அல்லவா? அவ்வாறே, குவைத்தின் புரட்சியாளர்கள் அழைத்ததால்தான் வந்தோம் என்று ஈராக் அறிவித்து, ஒரு பொம்மை அரசாங்கத்தையும் அமைத்தது. சில வாரங்களுக்குள் அந்த வேஷமும் கலைந்து, குவைத் ஈராக்கின் 19-ஆம் மாகாணம் என்று அறிவிக்கப்பட்டது.

பொய்ச்சாட்சி ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததா? குவைத் மக்கள் அந்த மாதங்களில் பட்ட கொலையும் சித்திரவதையும் மெய்யானவை. ஆனால் 1990 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன் ஓர் இளம்பெண் நின்று, ஈராக்கியச் சிப்பாய்கள் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளைக் கருவிகளிலிருந்து எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டதைக் கண்டதாகக் கண்ணீரோடு சாட்சி சொன்னாள். உலகம் அதை நம்பிற்று. அவள் அமெரிக்காவிலிருந்த குவைத் தூதரின் மகள் என்பதும், அவள் சொன்ன சம்பவத்துக்கு ஆதாரமில்லை என்பதும் யுத்தம் முடிந்த பிறகே வெளிப்பட்டது.

இந்த இச்சை 1990-இல் பிறந்ததும் அல்ல. நோவாவின் பேழையில் பூசப்பட்ட கீலையும், பாபேல் கோபுரத்தில் சாந்துக்குப் பதிலாக இட்ட நிலக்கீலையும் நாம் ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். அந்தத் தேசத்தின் பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று மனிதர் அன்றே அறிந்திருந்தார்கள். 1927 அக்டோபரில் கிர்குக் நகருக்கு அருகே, பாபா குர்குர் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டது. அடுத்த ஆண்டே பெரிய நிறுவனங்கள் அதைப் பங்கிட்டுக்கொண்டன. பிரிட்டன், ஹாலந்து, பிரான்சு, அமெரிக்கா என்னும் நாடுகளைச் சேர்ந்த நான்கு தரப்புகளுக்கு நூற்றுக்கு 23.75 வீதம். மீதமிருந்த 5 வீதம் குல்பெங்கியன் என்னும் வணிகருக்கு. கூட்டிப் பாருங்கள், நூறும் முடிந்துவிடுகிறது. அந்த மண்ணின் மக்களுக்குப் பங்குரிமை இல்லை, உரிமைத்தொகை மட்டுமே. 1972-இல் ஈராக் அரசு அந்த நிறுவனத்தை நாட்டுடைமையாக்கியது. அதன்பின் பெருகிய செல்வத்தில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழும்பியது உண்மை. ஆனால் அதே செல்வம் பீரங்கிகளும் விமானங்களுமாக மாறியதும் உண்மை.

1991 ஜனவரி 17-ஆம் தேதி அமெரிக்காவின் தலைமையில் பல நாட்டுப் படைகள் போரைத் தொடங்கின. ஆறு வாரங்களில் குவைத் மீட்கப்பட்டது. பின்வாங்கிய ஈராக்கியர் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துச் சென்றார்கள். கடைசிக் கிணற்றின் தீ நவம்பர் 6-ஆம் தேதிதான் அணைக்கப்பட்டது. பிப்ரவரி 26, 27 தேதிகளில் குவைத்திலிருந்து பஸ்ராவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் பின்வாங்கிக்கொண்டிருந்த வாகனங்கள்மீது விமானங்கள் குண்டு பொழிந்தன. எரிந்து கரிந்த வாகனங்கள் வரிசை வரிசையாய்க் கிடந்த படம் எங்கள் ஊர் வாசகசாலைக்கு வந்த செய்தித்தாளிலும் வந்தது. நான் அதை வீட்டுக்கு எடுத்து ஓடினேன். அப்பாவிடம் காட்டி, "இவர்களுக்கு நன்றாக வேண்டும் அப்பா" என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அப்பா செய்தித்தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, அதுவரை எங்களிடம் சொல்லாத ஒரு காரியத்தைச் சொன்னார்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அவருடைய லாரியை நிறுத்தினானாம். வயது 18 இருந்தால் அதிகம். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வந்தவன் முதலில் தண்ணீர் கேட்டான். குடித்தபின், குரலைத் தாழ்த்தி, தின்ன ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். அப்பாவிடம் அந்த நாளுக்கென்று மூன்று குபூஸ் இருந்தது. இரண்டைக் கொடுத்தார். ஒன்றை அவன் நின்றபடியே தின்றான். மற்றதை மடித்து, சாவடிக்குள் படுத்திருந்த இன்னொருவனுக்கென்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். லாரி ஓட்டிப் பழகிய அரபியில் அப்பா, "எந்த ஊர்?" என்று கேட்டார். "மோசூல்" என்றான் அவன்.

"அந்தச் சாலையில் அவனும் போயிருப்பானோ என்னவோ" என்று அப்பா சொன்னார். "பசித்தவன், தம்பி. அவனை யாரும் கேட்டா குவைத்துக்கு அனுப்பினார்கள்? அவனுக்கும் ஓர் அம்மா ஊரில் ஜெபித்துக்கொண்டுதான் இருப்பாள்."

அன்று இரவு குடும்ப ஜெபத்தில், தம் சேமிப்பு முழுவதையும் இழந்த அந்த மனிதர், பெயர் தெரியாத அந்தச் சிப்பாய்க்காக ஜெபித்தார். நான் கண்களை மூடவில்லை. எனக்குக் கோபமாக இருந்தது. இப்படி ஜெபிக்க இவருக்கு எப்படி மனம் வந்தது என்று உள்ளுக்குள் முறுமுறுத்தேன்.

அடுத்த வாரம் உபதேசியாரிடம் இதைச் சொன்னேன். அவர் தம் வேதாகமத்தின் கடைசியில் இருந்த வரைபடத்தை விரித்தார். வேதம் இதெக்கேல் என்று சொல்லும் டைகிரிஸ் நதியின்மேல் விரலை வைத்து, "மோசூல் எது தெரியுமா? ஆற்றுக்கு இக்கரையில் மோசூல், அக்கரையில் நினிவே. இப்போது இரண்டும் ஒரே ஊர்தான்" என்றார். பிறகு யோனாவின் நான்காம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். அந்த அதிகாரத்தில் நான் என்னையே கண்டேன்.

அன்பானவர்களே, யோனாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நினிவே அசீரியரின் மாநகரம். அசீரியரின் யுத்தக் கொடுமை அக்கால உலகம் முழுவதும் அறிந்தது. அப்படிப்பட்ட பட்டணம் மனந்திரும்பி அழிவுக்குத் தப்பியபோது, யோனா நகரத்துக்கு வெளியே போய் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று விரும்பினான். கர்த்தர் ஒரு செடியை முளைக்கப்பண்ணினார். அது நம்முடைய தமிழ் வேதாகமத்தில் ஆமணக்குச் செடி. யோனா அதன் நிழலில் மகிழ்ந்தான். அது பட்டுப்போனபோது அதற்காகத் துக்கித்தான். நம் கிராமங்களில் ஆமணக்கை நிழலுக்கு வளர்ப்பவர் இல்லை, எண்ணெய்க்குத்தான் வளர்ப்பார்கள். இதன்மேல் நான் உபதேசம் எதையும் கட்டவில்லை. ஆனால் ஓர் எண்ணெய்ச் செடிக்காக அழுது, அதன் அருகிலிருந்த ஒரு மாநகரத்து மக்களுக்காக அழாத தீர்க்கதரிசியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம்முடைய காலத்தின் நினைவு வருகிறது.

கர்த்தர் அவனுக்குக் கொடுத்த பதிலில் ஒரு தொகை இருக்கிறது. வலதுகை எது இடதுகை எது என்று அறியாத 1,20,000-க்கும் அதிகமானவர்கள். அவர்களோடு மிருகஜீவன்களும். அசீரிய ராஜா இரதங்களை எண்ணியிருப்பான், கப்பமாய் வந்த பொன்னை எண்ணியிருப்பான். கர்த்தரோ சத்துருவின் பட்டணத்துக் குழந்தைகளை எண்ணி வைத்திருந்தார், மாடுகளையும்கூட மறக்கவில்லை. யோனா புஸ்தகம் அந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை.

எங்கள் வீட்டுக்கு அந்தக் கேள்வி 1998-இல் ஒரு காசோலையின் உருவத்தில் வந்தது. குவைத்தில் இழந்தவர்களுக்கென்று ஐக்கிய நாடுகள் சபை ஓர் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்திருந்தது. அப்பாவும் விண்ணப்பித்திருந்தார். பணம் வந்தது. இழந்ததைவிடக் குறைவுதான், ஆனால் கூரைக்குப் போதுமானதாயிருந்தது. "இதை யார் கொடுக்கிறார்கள்?" என்று அப்பா கேட்டார். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், செய்தித்தாளில் வாசித்ததை அவருக்கு விளக்கிச் சொன்னேன். ஈராக்மீது 1990 முதல் பொருளாதாரத் தடை இருந்தது. உணவும் மருந்தும் வாங்குவதற்காக மட்டும், கண்காணிப்பின் கீழ் எண்ணெய் விற்க 1996 டிசம்பர் முதல் அனுமதித்திருந்தார்கள். அந்த விற்பனைப் பணத்தில் நூற்றுக்கு 30 இழப்பீட்டு நிதிக்குப் போயிற்று. அதிலிருந்துதான் எங்களுக்கு வந்தது.

அதே ஆண்டில், ஈராக்கில் ஐக்கிய நாடுகள் சபையின் நிவாரணப் பணிகளுக்குத் தலைவராயிருந்த டெனிஸ் ஹாலிடே, அந்தத் தடையினால் குழந்தைகள் மடிவதைக் கண்டு பொறுக்காமல் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000-ஆம் ஆண்டில் விலகினார். சதாம் உசேனின் அரமனைகள் அக்காலத்தில் குறைவுபடவில்லை. மருந்தில்லாமல் போனது சாதாரண மக்களின் குழந்தைகளுக்கே.

அப்பா அந்தக் காசோலையைத் திருப்பி அனுப்பவில்லை. அது அவர் உழைத்த கூலி. அதைப் பெற்றுக்கொண்டதில் அநியாயம் இல்லை என்று இன்றும் நம்புகிறேன். நீதி செய்யப்பட வேண்டும் என்பதும் வேதத்தின் போதனையே. ஆனால் வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு வந்திருந்த உபதேசியாரிடம் அவர் ஒரு விண்ணப்பம் வைத்தார். "இந்தக் கூரை ஈராக்கின் எண்ணெயில் போட்டது ஐயா. அந்த ஊர்க் குழந்தைகளுக்காக முதலில் ஜெபியுங்கள்." உறவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மோசூல் சிப்பாய்க்காக அவர் ஜெபித்த அந்த இரவுக்குப்பின் ஏழு ஆண்டுகள் கழித்து, அன்றுதான் நான் முதன்முதலாக அந்தத் தேசத்துக்காக மனப்பூர்வமாய் ஆமென் சொன்னேன். என் தலைக்குமேல் இருந்த நிழலுக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார் என்று அப்போது உணர்ந்தேன்.

அதற்குப்பின் நடந்தவற்றை நீங்களும் அறிவீர்கள். 2003 மார்ச்சில், பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்னும் காரணம் சொல்லி ஈராக்குக்குள் படைகள் நுழைந்தன. அவ்வாயுதங்கள் கண்டெடுக்கப்படவே இல்லை. ஏப்ரலில் பாக்தாத் விழுந்தபோது அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது, மருத்துவமனைகளும் சூறையாடப்பட்டன. எண்ணெய் அமைச்சகத்தின் வாசலிலோ காவல் நின்றது. பிரியமானவர்களே, உலகம் எதை எண்ணுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமோ?

சதாம் உசேன் நேபுகாத்நேச்சாரைப்போலவே பாபிலோனைத் திரும்பக் கட்டி, செங்கற்களில் தம் பெயரைப் பொறித்திருந்தார். டிசம்பர் 13-ஆம் தேதி, திக்ரித் நகருக்கு அருகே, தரைக்கடியில் தோண்டிய ஒரு குழியிலிருந்து அவரை வெளியே எடுத்தார்கள். தானியேலின் நான்காம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு இது ஆச்சரியமாயிராது. ஆனால் அவர் விழுந்ததைக் கண்டு களிகூர்ந்தவர்களும் சமாதானத்தைக் காணவில்லை. குழப்பத்தின்மேல் குழப்பம் உண்டாயிற்று. 2014 ஜூன் 10-ஆம் தேதி ஐ.எஸ். என்னும் தீவிரவாதக் கூட்டம் மோசூலைப் பிடித்தது. கைப்பற்றிய கிணறுகளின் எண்ணெயை விற்று அவர்களும் ஆயுதம் வாங்கினார்கள். கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில், நசரேயர் என்பதைக் குறிக்கும் ஓர் அரபு எழுத்து எழுதப்பட்டது. ஏறக்குறைய ஆதித்திருச்சபையின் காலந்தொட்டு அந்தச் சமவெளியில் ஆண்டவரை ஆராதித்து வந்த குடும்பங்கள், உடுத்திய துணியோடு வெளியேறின. ஜூலை 24-ஆம் தேதி, யோனாவின் கல்லறை என்று இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் கனப்படுத்தி வந்த இடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அந்தச் செய்தி வந்த நாளில் அப்பா முதுமையில் தளர்ந்திருந்தார். தொலைக்காட்சியில் மோசூல் என்னும் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பையனுக்கு இப்போது 40 வயதுக்குமேல் ஆகியிருக்கும். பிள்ளைகள் இருக்கும்" என்றார். பிறகு தம் ஜெபக் குறிப்பு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் பெயர்கள், ஊழியர்களின் பெயர்கள், நோயாளிகளின் பெயர்கள் எல்லாவற்றுக்கும் நடுவில், மங்கிப்போன மையில், "மோசூல் பையன்" என்று ஒரு வரி இருந்தது. 24 ஆண்டுகள் அவர் அந்த வரியை விடவில்லை. அவன் அந்தச் சாலையில் எரிந்துபோனானா, உயிரோடு ஊர் சேர்ந்தானா என்பது அவருக்குத் தெரியாது. 2019-இல் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது.

மோசூல் 2017-இல் மீட்கப்பட்டது. இடிந்த வீடுகளுக்குச் சில குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன. பலர் திரும்பவில்லை. அந்நாட்டுப் பூர்வீகத் திருச்சபைகள் ஆண்டுதோறும் நினிவே உபவாசம் என்று மூன்று நாட்கள் உபவாசிக்கின்றன. நினிவே பட்டணத்தார் மனந்திரும்பியதை நினைவுகூரும் உபவாசம் அது. தங்களைத் துரத்தினவர்கள் வாழ்ந்த அதே ஊருக்குக் கர்த்தர் காட்டிய இரக்கத்தை நினைத்து உபவாசிக்கிறார்கள். யோனா பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு அவர்கள் அந்த மண்ணிலேயே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி நம்மைக் குறித்துப் பேசுவோம். ஆகாபின் இச்சை ராஜாக்களுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு முழ வரப்புக்காக உடன்பிறந்தவனோடு பத்து ஆண்டுகள் பேசாதிருக்கும் வீடுகள் நம் சபையிலும் உண்டு. பொய்யான பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. சதாமைப் பற்றியும் வல்லரசுகளைப் பற்றியும் திண்ணையில் உட்கார்ந்து நியாயம் பேசுகிற நாம், அடுத்த தோட்டத்தைப் பார்க்கும்போது அதிலுள்ள மனிதனைப் பார்க்கிறோமா என்று நம்மை நாமே சோதித்தறிவோம். ஆகாபுங்கூட எலியாவின் வார்த்தையைக் கேட்டு இரட்டுடுத்தித் தன்னைத் தாழ்த்தினபோது, கர்த்தர் அதைக் கவனித்தார் என்று அதே அதிகாரம் முடிகிறது. நமக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறது.

இன்னும் ஒன்று. குண்டு விழும் காட்சிகளை நம் கைப்பேசிக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. அந்த மதத்தாருக்கு, அந்த நாட்டாருக்கு இது வேண்டியதுதான் என்று அதோடு எழுதியும் விடுகிறார்கள். கிறிஸ்தவர்களின் குழுக்களிலேயே அவற்றைக் கண்டு நான் வெட்கப்பட்டிருக்கிறேன். 11 வயதில் செய்தித்தாளோடு வீட்டுக்கு ஓடிய அந்தப் பையனை அங்கே மறுபடியும் காண்கிறேன். தயவுசெய்து அதை மற்றவர்களுக்கு அனுப்பாதிருங்கள். சத்துருக்களைச் சிநேகிக்கச் சொன்ன ஆண்டவர் (மத்தேயு 5:44) நம்முடைய அரசியல் அறிவைச் சோதிக்கும்படி அதைச் சொல்லவில்லை. பரமபிதாவின் பிள்ளைகள் யார் என்று அதனால் அறியப்படும் என்கிறார்.

ஆகவே இந்த வாரம் உங்களிடம் ஒரு சிறிய காரியத்தைக் கேட்கிறேன். வளைகுடாவில் வேலைசெய்யும் நம் சபைப் பிள்ளைகளுக்காக நீங்கள் ஜெபிக்கிறீர்கள், அது தொடரட்டும். அதோடு, உங்கள் ஜெபக் குறிப்பில் இன்னும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்தியில் நீங்கள் கேட்கும் ஏதாவது ஓர் ஊரின் பெயர், அந்த ஊரில் உங்களுக்குப் பெயர் தெரியாத ஒரு தாய், ஒரு சிப்பாய், ஒரு குழந்தை. நம்முடைய ஜெபம் எண்ணெய் விலையை மாற்றுமா, போரை நிறுத்துமா என்று என்னால் வாக்குக்கொடுக்க முடியாது. அப்பாவின் ஜெபம் அந்தப் பையனைக் காத்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அது என்னைக் காத்தது. வெறுப்பிலே வளர்ந்து முதிர்ந்திருக்க வேண்டிய ஒருவனை அது மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டுவந்து, உங்களுக்கு இந்த வார்த்தைகளை எழுதும்படி செய்தது.

ஜெபம்:

எங்கள் பரலோகப் பிதாவே, பூமிக்கடியில் உள்ளதை விரும்பி, பூமியின்மேல் உள்ளவர்களை மறந்துபோகும் எங்கள் உலகத்தின்மேல் இரக்கமாயிரும். ஈராக்கிலும் குவைத்திலும் சுற்றிலுமுள்ள தேசங்களிலும் யுத்தத்தினால் வீடிழந்தவர்களையும் பிள்ளைகளை இழந்தவர்களையும் தேற்றும். அத்தேசங்களில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். ஆளுகிறவர்களின் இருதயத்தில் உமக்குப் பயப்படும் பயத்தைத் தாரும். நாங்கள் மேட்டிமையாய் நினைத்த நினைவுகளையும் பிறருடைய அழிவில் மகிழ்ந்த பாவத்தையும் எங்களுக்கு மன்னியும். நீர் எண்ணுகிறவர்களை நாங்களும் எண்ணும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும், தூரத்திலிருக்கும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

ஆண்டவரின் பணியில்,
உங்கள் போதகர்